சுவருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒன்றரை அடி

அப்பா 1998இல் கோயம்புத்தூரில் வாங்கிய டவர் ஸ்பீக்கர் ஜோடி, போன ஐப்பசி மழையோடு ஓய்ந்துவிட்டது. தூசி தட்டப் போன என் விரல் பட்டதும், இடது பெட்டியில், தாழ்ந்த ஒலியைத் தரும் வூஃபரைச் சுற்றியிருந்த நுரை வளையம் நமத்த ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. வலது பெட்டி முழுதாக உதிரவில்லை. ஆனால் தவில் அடி விழும்போதெல்லாம் காய்ந்த இலையை மிதித்ததுபோல உள்ளே ஒரு சரசரப்பு. அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்த அப்பா, ஒரு தீபாவளி போனஸை அப்படியே எடுத்துக் கொடுத்து வாங்கியவை. அவர் போன பிறகு குன்னூரில் எங்கள் வீட்டுக்கு வந்தன.

அவற்றின் இடத்தில் எதை வைப்பது என்று நான்கு மாதம் யோசித்தேன், கேட்டேன், அளந்தேன். மலையில், அதுவும் பழைய வீட்டில், குடும்பம் முழுக்க உட்காரும் கூடத்துக்கு ஸ்பீக்கர் வாங்குகிறவர்களுக்கு அந்தக் கணக்கு பயன்படும் என்றுதான் எழுதுகிறேன். சமவெளி வீட்டுக்குச் சொல்லும் யோசனை பல இடங்களில் இங்கே பொருந்துவதில்லை.

முதலில் வீட்டையும் ஆட்களையும் சொல்லிவிடுகிறேன். மாமா, அத்தை, நாங்கள் இருவர், பத்தாவது படிக்கும் மகள், நாலு வயது மகன். காலையில் அத்தைக்குப் பக்திப் பாட்டு. ஏழு மணிக்கு மாமாவுக்குச் செய்தி. சாயங்காலம் சீரியல். அதன்பின் ஒரு மணி நேரம் என்னுடையது: எண்பதுகளின் திரைப்பாட்டு, கச்சேரி, சில நாள் நாகஸ்வரம். ஒன்பதுக்கு மேல் மகளின் பாட்டு, மெல்லிய சத்தத்தில். ஞாயிறன்று படம். ஆக, ஒருவர் நடுநாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து கேட்கிற அறை இல்லை இது. சோபாவில் மூன்று பேர், மோடாவில் ஒருவர், தரையில் இருவர் என்றுதான் எப்போதும் இருக்கும்.

கூடம் 16 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி. பலகைத் தரை, பலகை மச்சு, மேலே தகரக் கூரை. குட்டைச் சுவரின் நடுவில் கணப்பு. புகைபோக்கிக்காக அந்தச் சுவர் ஒரு அடி முன்னே துருத்திக்கொண்டிருக்கும். அதனால் இரண்டு பக்கமும் ஒதுக்கு மாதிரி ஒரு அடி ஆழத்தில் இடம். வெள்ளைக்காரன் காலத்து வீடு எதிலும் இதைப் பார்க்கலாம். பார்க்கிற யாருக்கும் டவர் ஸ்பீக்கர் நிறுத்தக் கட்டியதுபோலத்தான் தோன்றும். அப்பாவின் பெட்டிகளும் அங்கேதான் நின்றன. அறையில் இதைவிட மோசமான இடம் கிடையாது.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மற்ற எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது. தாழ்ந்த ஒலி ஸ்பீக்கரிலிருந்து நேராக முன்னால் மட்டும் போவதில்லை. பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் பரவுகிறது. பக்கத்தில் சுவர் இருந்தால் அதில் பட்டுத் திரும்பி முன்னால் வருவதோடு சேர்ந்துகொள்ளும். ஒரு சுவர் நெருக்கமாக இருந்தாலே அடித்தொனி (பேஸ்) 6 டெசிபல் வரை ஏறக்கூடும். ஒதுக்கில் பின்சுவர், பக்கச்சுவர், புகைபோக்கிச் சுவரின் விலா, தரை என்று நான்கு முகங்கள் பெட்டியை அணைத்து நிற்கின்றன. போதாததற்கு இன்று விற்கும் டவர்களில் பெரும்பாலானவற்றுக்குக் காற்றுத்துளை முதுகில்தான். அந்தத் துளையிலிருந்து வரும் ஒலி நேரே ஒதுக்கின் மூலைக்குள் போகிறது. விளைவு என்ன? மிருதங்கத்தின் தொப்பி ‘தொம்’ என்று முடியாமல் ‘தொம்ம்ம்’ என்று நீளும். வாய்ப்பாட்டு பானைக்குள் இருந்து வரும். ஆண் குரலில் செய்தி வாசித்தால் மாமாவுக்கு வார்த்தை பிடிபடாது. சத்தத்தைக் கூட்டச் சொல்வார். கூட்டினால் பானையும் கூடும்.

இரண்டாவது, அறைக்கென்றே சில சுரங்கள் உண்டு. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. 16 அடி நீளமுள்ள அறை 35 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 35 அதிர்வு, பக்கம் தானே முழங்கும். 12 அடி அகலம் 46இல். 10 அடி உயரம் 56இல். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். ஒரு கட்டையில் பாடும் வித்வானுக்குப் பின்னால் மீட்டும் தம்புராவின் மந்தர ஷட்ஜம் 65 ஹெர்ட்ஸ் அளவு. அதாவது நான் கேட்கும் இசையின் அடித்தளம் முழுக்க, என் அறை தானாக முழங்கும் அதே எல்லைக்குள் கிடக்கிறது. 30 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிற பெரிய ஸ்பீக்கரை இதற்குள் கொண்டுவந்து நிறுத்தினால், அது காசு கொடுத்து வாங்கிய முழக்கம். எனக்கு வேண்டியது 40 வரை நேர்மையாக இறங்கி அங்கே நின்றுகொள்கிற ஒன்று.

மூன்றாவது விஷயத்தை மலையில் இருப்பவர்கள் தவிர யாரும் யோசிக்க வேண்டியதில்லை. குன்னூர் 1,850 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட இங்கே ஆறில் ஒரு பங்கு குறைவு. ஸ்பீக்கரில் அசைகிற கூம்பான கோன் அதே வேகத்தில் அசைந்தாலும் தள்ளுவதற்குக் காற்று குறைச்சல். சத்தத்தில் ஒன்றரை டெசிபல் போய்விடும். ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் என்பதற்குப் பெட்டியில் 88 டெசிபல் என்று அச்சிட்டிருந்தால் நம் வீட்டில் 86.5 என்று வைத்துக்கொள்ளலாம். கீழே 10 வாட் போதுமென்ற இடத்தில் இங்கே 14. ஊட்டியில் இன்னும் சற்றுக் கூடும். கேட்க ஆச்சரியமாக இருந்தாலும், இதற்காகப் பெரிய ஆம்ப்ளிஃபையர் வாங்க வேண்டாம். சோபாவிலிருந்து ஸ்பீக்கர் 3 மீட்டர் தள்ளி இருந்தால், பேச்சுச் சத்தத்தைவிடச் சற்று மேலான 70 டெசிபலுக்கு உயரத்தையும் கணக்கில் கொண்டாலும் ஒரு வாட்டில் சிறு பங்குதான் செலவாகிறது. எங்களிடம் இருக்கும் 60 வாட் ஆம்ப் முக்கால்வாசி நேரம் தூங்கிக்கொண்டிருக்கிறது.

இப்போது தேர்வுகள்.

பழையதையே பிழைக்க வைப்பதுதான் முதலில் மனசில் வந்தது. அந்த நுரை வளையம் பாலியூரித்தேன்; ஈரக்காற்று பட்டுப் பட்டு அதன் பிணைப்பே கரைந்துபோகும். வருஷத்தில் பாதி நாள் மேகம் வீட்டுக்குள் வந்துபோகிற ஊரில் இத்தனை காலம் தாங்கியதே பெரிது. புது வளையம் எட்டு அங்குல அளவில் கிடைக்கிறது. பழையதைச் சுரண்டி எடுத்து, கோனை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் நடுவில் நிற்கும்படி பொருத்தி ஒட்டித் தருகிறவர்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் இருக்கிறார்கள், கோயம்புத்தூரிலும் இருக்கிறார்கள். புது ஜோடியின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவரில் உள்ள மின்தேக்கிகளையும் அப்போதே மாற்றிவிட வேண்டும். இந்த வயதில் அவையும் வறண்டு போயிருக்கும். உங்கள் பெட்டியில் உயர்ந்த ஒலியைத் தரும் ட்வீட்டர் நன்றாக இருந்தால், முதலில் இதைச் செய்யுங்கள் என்பேன். எங்களுடையதில் ஒரு ட்வீட்டர் ஏற்கெனவே ஒருமுறை பொருந்தாத இன்னொன்றால் மாற்றப்பட்டது. இடதும் வலதும் ஒரே குரலில் பேசவில்லை. பாடகி நடுவில் நிற்காமல் வலப்பக்கமாகச் சாய்ந்து நிற்பார். அதை வளையம் சரிசெய்யாது.

கணவர் வேறு யோசனை சொன்னார். “ஏன் அவ்வளவு பெரிய டவர்? சின்னதா ரெண்டு, ஒரு சப்வூஃபர். ராத்திரி சப்பைக் குறைச்சுக்கலாம்ல?” நியாயமான பேச்சு. முழங்கும் அறைக்கு உண்மையில் இதுவே சிறந்த வழி என்று நானும் நினைக்கிறேன். அடித்தொனி பிறக்கும் இடத்தையும் அளவையும் தனியாக மாற்ற முடிகிறது. தனியறை இருப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஆனால் சின்ன ஸ்பீக்கருக்கு ஸ்டாண்ட் வேண்டும். ஸ்டாண்டும் டவர் பிடிக்கிற அதே இடத்தைப் பிடிக்கிறது, அதைவிட எளிதில் சாய்கிறது. நாலு வயதுக்காரன் ஸ்டாண்டை மரமென்று நினைத்து ஏறுவான். சப்வூஃபரோ பலகைத் தரையில் உட்கார்ந்து அலமாரிக் கண்ணாடியை நடுங்க வைக்கும். கணப்புத் திண்டின் மேல் ஸ்பீக்கரை வைக்கலாமே என்றும் ஒரு பேச்சு வந்தது. மார்கழியில் கணப்பு எரியும்போது அந்தத் திண்டைக் கை வைத்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

சவுண்ட்பார் பற்றி ஒரு வரி: சீரியலுக்கும் செய்திக்கும் போதும், பாட்டுக்குப் போதாது.

ஆக, டவர். கோயம்புத்தூரில் ஒரு கடையில் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து கேட்டோம். மூன்று ஜோடி: டென்மார்க்கின் டாலி ஒபெரான் 5, இங்கிலாந்தின் க்யூ அக்கூஸ்டிக்ஸ் 3050ஐ (3050i), அமெரிக்காவின் கிளிப்ஷ் ஆர்பி-6000எஃப். 3050ஐ கொஞ்சம் பழைய மாடல். கடையில் காட்சிக்கு வைத்திருந்த ஜோடியை விலை குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள். மூன்றுமே நாங்கள் ஒதுக்கியிருந்த தொகையைச் சுற்றித்தான் நின்றன, அதனால் விலையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் காதை மட்டும் நம்பினோம். கேட்கும்போது ஒன்றைக் கண்டிப்பாகச் செய்யுங்கள்: மூன்றையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடுங்கள். கைபேசியில் டெசிபல் காட்டும் செயலி போதும். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பது எதுவோ அதுவே நல்லது என்று காது ஏமாந்துவிடும். கிளிப்ஷ் இயல்பிலேயே உரத்தது. சமப்படுத்தாமல் கேட்டால் மற்ற இரண்டும் முதல் நிமிடத்திலேயே தோற்கும்.

கிளிப்ஷிலிருந்தே தொடங்குகிறேன். பால் கிளிப்ஷ் 1946இல் அர்கன்சாஸில் தொடங்கியதிலிருந்து இன்றுவரை அந்தக் கம்பெனி ஹார்னை விடவில்லை. ட்வீட்டருக்கு முன்னால் ஊமத்தம்பூ மாதிரி விரிந்த வாய். அதனால் குறைந்த வாட்டில் நிறையச் சத்தம். தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு 97 டெசிபல். டாலியின் 88க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒன்பது; அதே சத்தத்துக்கு எட்டில் ஒரு பங்கு வாட் போதும் என்று பொருள். நாகஸ்வரத்தை இதில் போட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. சீவாளியின் கூர்மை, மூச்சு மாறும் இடம், எல்லாம் கோயில் வெளிப்பிராகாரத்தில் நிற்பதுபோல. படத்துக்கும் இதற்கு இணை இல்லை. ஆனால் கடையறை கம்பளமும் திரையும் போட்ட அறை. எங்கள் கூடத்தில் மூன்று பெரிய கண்ணாடி ஜன்னல், பலகைத் தரை, பலகை மச்சு. இருபது நிமிடத்துக்கு மேல் அந்தக் கூர்மை அங்கே காதைக் குத்தும் என்று எனக்குப் பட்டது. அத்தை கூட வந்திருந்தார். “நல்லாத்தான் இருக்குது கண்ணு, ஆனா பக்கத்துல வந்து நின்னு பாடுற மாதிரி இருக்குது” என்றார். அதைவிடத் துல்லியமாக என்னால் சொல்ல முடியாது. பெட்டியின் ஆழமும் ஒன்றேகால் அடிக்கு மேல். முதுகில் துளை, முன்னால் இழுக்கவும் வேண்டும். 12 அடி அகலக் கூடத்தில் நடக்கிற வழியில் வந்து நிற்கும்.

தகரக் கூரையில் மழை கொட்டும்போது உரத்த ஸ்பீக்கர் உதவுமே என்று எனக்கும் ஒரு ஆசை இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசினாலே கேட்காது. அத்தைதான் அதையும் தீர்த்துவைத்தார்: “மழைக்கு மேல எதுக்கு வெக்கோணும்? விட்டதுக்கு அப்பறம் வெச்சுக்கலாம்.” அந்த வீட்டில் நாற்பது வருஷம் இருந்தவர் அவர்.

நிஜப் போட்டி மற்ற இரண்டுக்கும் நடுவில்தான்.

3050ஐ ஒரு மீட்டருக்குச் சற்றே மேலான உயரம், ஒவ்வொன்றும் 18 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. 165 மில்லிமீட்டர் வூஃபர் இரண்டு, நடுவில் 22 மில்லிமீட்டர் ட்வீட்டர். 91 டெசிபல், அடித்தொனி 44 ஹெர்ட்ஸ் வரை. ஒபெரான் 5 இதன் தங்கை மாதிரி: 83 சென்டிமீட்டர் உயரம், 16 சென்டிமீட்டர் அகலம், 28 ஆழம், 10.8 கிலோ. மரநார் கலந்த காகிதக் கோனில் ஐந்தேகால் அங்குல வூஃபர் இரண்டு, 29 மில்லிமீட்டர் துணி ட்வீட்டர். 88 டெசிபல், 39 ஹெர்ட்ஸ் வரை என்று சொல்கிறார்கள். இரண்டுமே பெயரளவில் 6 ஓம். சாதாரண ஆம்ப் எதுவும் சமாளிக்கும். சின்னப் பெட்டி பெரியதைவிடக் கீழே இறங்குவதாக எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். எத்தனை டெசிபல் இறங்கிய இடத்தில் எண்ணைக் குறிப்பது என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வழக்கம் வேறு. கடையில் கேட்டபோது அடித்தொனியின் கனம் 3050ஐயில்தான் அதிகம், சந்தேகமே இல்லை. பேஸ் கிட்டார் நடந்து வருகிற பழைய திரைப்பாட்டுகளில் அது தரும் சுகம் தனி. என் மகள் அங்கேயே முடிவு செய்துவிட்டாள்: “அம்மா, இதுதான்.”

எனக்கும் அன்று அப்படித்தான். வீட்டுக்கு வந்து டேப் பிடித்த பிறகுதான் மனசு மாறியது.

டேப்பில் நான் அளந்தது ஒன்றே ஒன்று: நடமாட்டத்துக்கு இடைஞ்சலில்லாமல் ஸ்பீக்கரைப் பின்சுவரிலிருந்து எவ்வளவு முன்னால் இழுக்க முடியும்? ஒதுக்கை விட்டு வெளியே வந்து, புகைபோக்கிச் சுவரின் முகத்தைத் தாண்டி நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் சமையலறைக்கு வழி, இன்னொரு பக்கம் மாமாவின் நாற்காலி. கிடைத்தது, ஸ்பீக்கரின் முதுகுக்கும் ஒதுக்கின் பின்சுவருக்கும் நடுவே ஒன்றரை அடி. அதற்கு மேல் அரை அங்குலம் கிடையாது. ஒன்றரை அடியில் 3050ஐ கொஞ்சம் முழங்கும். அதற்கென்று பெட்டியோடு நுரை அடைப்பான் தருகிறார்கள். துளையில் செருகினால் அடித்தொனி கட்டுப்படும். ஆனால் எந்தக் கனத்துக்காக அதை வாங்குகிறோமோ அதையே அடைத்து வைப்பதற்கு 18 கிலோ எதற்கு?

பலகைத் தரை இன்னொரு காரணம். ஒரு டம்ளர் தண்ணீரைத் தரையில் வைத்து, பக்கத்தில் மகனைக் குதிக்கச் சொன்னேன். தண்ணீர் சுவரோரம் லேசாக அசைந்தது. அறை நடுவில் தளும்பியது. அடியில் உத்திரங்களுக்கு நடுவே வெறும் காற்று. பெரிய வூஃபர் இந்தத் தரையையே ஒரு தோல்போல அதிர வைக்கும். ஸ்பீக்கரோடு வரும் ஆணிக்கால்களைச் சிமெண்டுத் தரையில் போடலாம், இங்கே அவை அதிர்வை நேரே பலகைக்குள் இறக்கும். டம்ளர் சோதனையை நீங்களும் செய்து பாருங்கள். எந்த இடத்தில் குறைவாக அசைகிறதோ அங்கேதான் உத்திரம் ஓடுகிறது, அதன் மேலேதான் பெட்டி நிற்க வேண்டும்.

பிறகு ராத்திரி ஒன்பது மணிக் கணக்கு. 1933இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிய விஷயம் இது: சத்தம் குறையக் குறைய, நம் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் மற்ற ஒலிகளைவிட வேகமாக மறைகின்றன. மெல்லிய சத்தத்தில் பாட்டு வெறும் குரலும் சலங்கையுமாக மெலிந்து கேட்பது அதனால்தான். குடும்பக் கூடத்தில் நாம் கேட்பது பெரும்பாலும் அந்த அளவில். எனவே கடையில் உரக்க வைத்து மயங்கியபின், இரண்டாவது சனிக்கிழமை வேண்டுமென்றே சத்தத்தைப் பேச்சளவுக்குக் கீழே இறக்கிக் கேட்டேன். கிளிப்ஷ் அங்கே ஒல்லியாகிவிட்டது. மற்ற இரண்டும் நிரம்பித் தெரிந்தன. தம்புராவின் கார்வை நின்றது, வயலின் குரலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. இதில் 3050ஐ ஒரு நூலிழை மேல் என்பதை மறைக்க மாட்டேன்.

ஒபெரானை என் பக்கம் இழுத்தது உட்காரும் வரிசை. பல ஸ்பீக்கர்களைக் கேட்பவரை நோக்கி உள்பக்கம் திருப்பி வைக்கச் சொல்வார்கள். டாலிக்காரர்கள் திருப்பாதீர்கள், நேராக வையுங்கள் என்கிறார்கள்; பக்கவாட்டிலும் ஒலி அகலமாக விரியும்படி வடிவமைத்திருக்கிறார்கள். கடையில் சோபாவின் நடுவில், ஓரத்தில், பக்கத்து மோடாவில் என்று மாறி மாறி உட்கார்ந்தேன். ஓரத்தில் இருந்தும் குரல் குரலாகவே இருந்தது. மாமாவின் நாற்காலி ஓரத்தில்தான் இருக்கிறது. எழுபத்தெட்டு வயதில் அவருக்கு வேண்டியது அடித்தொனி அல்ல, மெய்யெழுத்துகள்.

இதே காரணத்துக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊட்டியில் சித்தி மகன் வீட்டில் கேஇஎஃப் கம்பெனியின் க்யூ550 டவர் கேட்டேன். வூஃபரின் நடு மையத்திலேயே ட்வீட்டரை வைக்கும் முறையை அந்தக் கம்பெனி 1988இல் கொண்டுவந்தது. எந்த மூலையில் உட்கார்ந்தாலும், தரையில் உட்கார்ந்தாலும், ஏறக்குறைய ஒரே குரல். துளையே இல்லை, அதன் வேலையைத் தானாக அசையும் இரண்டு கோன்கள் முன்பக்கத்தில் செய்கின்றன. சுவரை ஒட்டி வைக்க வேண்டிய கட்டாயம் உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். 2024இல் அதன் இடத்துக்குப் புதிய வரிசை வந்துவிட்டது, நாங்கள் தேடியபோது பழையதில் பிரிக்காத ஜோடி கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் முடிந்திருக்கலாம்.

கடைக்காரர் நல்ல மனிதர். “ஏனுங்க மேடம், இன்னுங் கொஞ்சம் போட்டீங்கன்னா ஒபெரான் 7 வந்துருமுங்க, ஏழங்குலம்” என்றார். பெரிய கூடத்துக்கு அது நல்ல யோசனை. கணப்பும் ஒதுக்கும் உள்ள 12 அடி அறைக்கு ஐந்தேகால் அங்குலமே போதும் என்று டேப்பைக் காட்டிச் சொன்னேன். அவரும் தலையாட்டினார், வேறு வேலையாகக் குன்னூர் வரும்போது ஒபெரான் 5இன் காட்சி ஜோடியையே ஏற்றிவந்து இரண்டு நாள் விட்டுப்போனார். இப்படிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். 14 கொண்டை ஊசி வளைவு ஏறிவந்த பெட்டியைத் திருப்பி அனுப்புவதைவிட, வாங்குமுன் இரண்டு நாள் வைத்துப் பார்ப்பது இரு பக்கமும் நல்லது.

முதல் நாள் வேண்டுமென்றே ஒதுக்கில் வைத்துக் கேட்டோம். அதே பானை. அப்பாவின் பெட்டிகளை இத்தனை வருஷம் நான் குறை சொன்னதில் பாதி அவற்றின் குறையே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது, நெஞ்சு கனத்துப்போயிற்று. இரண்டாம் நாள் ஒன்றரை அடி முன்னே இழுத்தோம். மிருதங்கம் ‘தொம்’ என்று முடிந்தது. சோபாவையும் பின்சுவரிலிருந்து ஒரு அடி நகர்த்தினோம். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் முழக்கம் எல்லாம் அங்கேதான் வந்து குவியும்.

காலுக்குக் கீழே கடப்பைக் கல். ஒன்றரை அடிச் சதுரமாக இரண்டு, மார்க்கெட் பக்கம் கல் அறுக்கிற இடத்தில் வெட்டி வாங்கியது. கல்லுக்கும் பலகைக்கும் நடுவே கெட்டியான ரப்பர் மேட். கல்லின் கனம் பெட்டியைச் சாயவிடாது, ரப்பர் அதிர்வைத் தரைக்கு இறங்கவிடாது. இதற்கென்றே விற்கும் மேடைகள் பளபளப்பாக இருக்கின்றன, வேலை ஒன்றுதான். மீதியிருந்த பணத்தில் ஜன்னலுக்குக் கனத்த திரையும் ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவில் ஒரு ஜமக்காளமும். கேட்டால் நம்ப மாட்டீர்கள், நாகஸ்வரத்தின் கூர்மையில் அந்தத் திரை செய்த மாற்றம், ஸ்பீக்கர் மாற்றியதில் பாதிக்குச் சமம்.

ஈரத்தைப் பற்றி. இந்த விலையில் எல்லாப் பெட்டியும் மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகைதான், மேலே மரம்போல ஒரு தாள். ஓதம் ஏறிய வெளிச்சுவரில் முதுகு உரச நின்றால் அடிவிளிம்பிலிருந்து உப்பத் தொடங்கும். ஒன்றரை அடி இடைவெளி இதற்கும் உதவுகிறது. முன்துணியில் பூசணம் பிடிக்கும். வெயில் வரும் நாளில் கழற்றிக் காயவைத்துத் தட்டினால் போகும். விளிம்பு வளையம் ரப்பர் என்பதை வாங்கும் முன் தடவிப் பாருங்கள். மலையில் நுரை வளையம் உள்ள எதையும், இலவசமாகக் கொடுத்தாலும் யோசித்தே வாங்குங்கள். கணப்பு எரியும் மாதங்களில் பெட்டிக்கும் நெருப்புக்கும் நடுவே குறைந்தது மூன்றடி இருக்கட்டும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர். ஆம்புக்கு ஸ்டெபிலைசர், இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்குவது. மகன் விரலுக்குப் பயந்து முன்துணியை எப்போதும் மாட்டியே வைத்திருக்கிறோம், துணி ட்வீட்டரை ஒருமுறை அமுக்கினால் பள்ளம் விழுந்துவிடும்.

அப்பாவின் பெட்டிகள் மாடி அறையில் இருக்கின்றன. வளையம் மாற்ற வூஃபர்களைக் கழற்றிக் கொடுத்தாயிற்று. ஒரே மாதிரி இரண்டு ட்வீட்டர் தேடிக்கொண்டிருக்கிறேன். 3050ஐ கிடைக்காமல் போன மகளுக்கு எட்டங்குல வூஃபர் இரண்டு சொந்தமாகக் கிடைக்கப்போகிறது. மாடியில் சிமெண்டுத் தரை, சுவரிலிருந்து மூன்றடி இழுக்க இடம் இருக்கிறது.

கூடத்தில் கடப்பைக் கல்லின் நான்கு மூலைக்கும் தரையில் வெள்ளை டேப் ஒட்டியிருக்கிறேன். கூட்டிப் பெருக்கும்போது அத்தை கல்லோடு பெட்டியைத் தள்ளிவிட்டுப் பெருக்குவார். முடிந்ததும் டேப்புக்குள் சரியாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, கையை முன்துணியில் வைத்துப் பார்ப்பார். “உங்கப்பா இருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு கண்ணு” என்று ஒருநாள் சொன்னார். அப்போது அவருடைய காலைப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.